இலையைத் திருப்பிப் பாருங்கள்: மரக்கன்று நாற்றுமேடையில் பங்கசு நோய்களை இனங்காணல்



என் தவறு ஒன்றை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மண்சரிவால் இடம்பெயர்ந்து ஊவாவில் புதுக்காணி பெற்ற இருபது குடும்பங்களுக்கு, விறகுக்கும் எல்லைக்குமாக 400 யூக்கலிப்டஸ் கன்றுகளை வெளியிலிருந்து வாங்கினோம். லொறி பின்னேரம் வந்து சேர்ந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. லொறிக்காரர் அவசரப்பட்டார், நானும் அவசரப்பட்டேன். பெயர்ப்பட்டியலை வாசித்து, வீட்டுக்கு இருபது கன்று வீதம் அன்றிரவே பகிர்ந்து முடித்தோம்.

மறுநாள் காலையில், முப்பது வருஷம் கொழுந்து பறித்த ஒரு தாய் ஒரு கன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். “சாமி, இந்த இலையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. கொப்புளம் புடிச்ச கொழுந்து மாதிரி அடியில வெள்ளையா இருக்கு” என்றார். நானும் பார்த்தேன். “மழை ஈரமாக இருக்கும் அம்மா. நட்டால் சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆறு வாரத்துக்குள் பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் நுனி கருகி, இலை கொட்டி நின்றன. அந்த வருட மழை வீணாயிற்று. அடுத்த மழைக்கு அந்தக் குடும்பங்கள் ஒரு வருடம் காத்திருந்தன.

நான் குருமடத்தில் பல வருடம் படித்தவன். அவர் கொழுந்துக் கூடையோடு படித்தவர். அந்த இலையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் சொன்னபோது நான் கேட்கவுமில்லை. இந்தப் பாடம் அந்தத் தாயிடமிருந்து தொடங்குகிறது. இதன் சாரம் ஒரே வாக்கியம்தான்: கன்றை நடுவதற்கும், வாங்குவதற்கும், பிறருக்குக் கொடுப்பதற்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

1. மடுல்சீமையில் தொடங்கிய நோய்

இலையின் அடியிலுள்ள சிறு புள்ளி ஒரு நாட்டையே மாற்றும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. பதுளையிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய மடுல்சீமையே போதும். 1869ஆம் ஆண்டு இலங்கையில் கோப்பித் துரு நோய் முதன்முதலில் கவனிக்கப்பட்டது அந்த மலைப்பகுதியில்தான். இலையின் அடியில் செம்மஞ்சள் நிறத் தூள். மேலே மங்கிய மஞ்சள் பொட்டு. அவ்வளவுதான் ஆரம்பம்.

பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதைச் சோதித்துப் பெயரிட்டவர்களில் ஒருவர் பேர்க்லி என்ற ஆங்கிலிக்கன் குருவானவர். இதே பேர்க்லி 1846இல், அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்த கருகல் நோய்க்கும் இலையில் வளரும் நுண்ணுயிரே காரணம் என்று வாதிட்டவர். அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய அந்த அழிவால் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறி இடம்பெயர்ந்தார்கள். ஆட்சியாளரின் கொள்கையும் குத்தகை முறையும் அந்தத் துன்பத்தைப் பெருக்கின. ஆனால் அது தொடங்கியது ஓர் இலையில்.

இலங்கையில் 1870களின் இறுதியில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேல் விரிந்திருந்தது. மார்ஷல் வார்ட் என்ற அறிஞர் 1880இல் இங்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். நோயின் தூள் காற்றில் பரவுகிறது, ஈரமான இலையில் முளைக்கிறது, இலையின் சுவாசத் துளைகளின் வழியே உள்ளே நுழைகிறது என்று காட்டினார். மலை முழுவதும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டிருந்ததே நோய்க்கு வழி திறந்தது என்றும் எச்சரித்தார். ஆனால் முதல் இலை காணப்பட்டுப் பதினொரு வருடம் கழிந்திருந்தது. கோப்பி அழிந்தது, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. கோப்பித் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் பலர் வேலை இழந்தார்கள்.

தேயிலைக்கும் சோதனை வந்தது. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்குள் நுழைந்தது. இளம் இலையின் மேற்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளைக் கொப்புளமாய் எழும்பும் அந்த நோயைக் கொழுந்து பறித்த கைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த அனுபவத்தை மரக்கன்றுகளுக்கும் பயன்படுத்தக் கற்பதே இன்றைய பாடம்.

2. நமக்கு இது ஏன் முக்கியம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது நம் எவருக்கும் மறக்காது. தப்பியவர்கள் முகாம்களில் நீண்டகாலம் காத்திருந்து, 2016இல் புதுவீடுகளுக்குப் போனார்கள். வேறு இடங்களிலும் மண்சரிவாலும் போராலும் வேரோடு பிடுங்கப்பட்டு வந்தவர்கள் உங்களில் உண்டு.

புதுக்காணிக்கு வந்தவருக்கு மரம் பல வகையில் தேவை: எல்லைக்கு, விறகுக்கு, காற்றுத் தடுப்புக்கு, மேல்மண் அரிபடாமல் பிடிப்பதற்கு. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மரவேர் மேல்மண்ணைப் பிடிக்கும். ஆழத்திலிருந்து சரியும் மலையைப் பிடிக்காது. அபாய வலயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குறித்த இடத்தில் மரம் நட்டுவிட்டுப் பயமின்றி வசிக்கலாம் என்று யாரும் நினைக்கக்கூடாது. யூக்கலிப்டஸை ஊற்றுக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் நடவும் வேண்டாம்.

நம்மிடம் காணி சிறிது, காசு சிறிது. ஊவாவில் நடுகைக்கு நம்பத்தகுந்த பெருமழை ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையே கிடைக்கிறது. அந்த மழைக்குக் கன்று ஆயத்தமாக இல்லாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. நோயுள்ள கன்றை நாம் கொண்டுபோய் நட்டால், பக்கத்துக் காணிக்காரரின் வாசலுக்கும் அந்த நோயைக் கொண்டுபோகிறோம். அவரும் நம்மைப் போல் எல்லாவற்றையும் இழந்து வந்தவராக இருக்கலாம்.

3. பங்கசு என்பது என்ன

பாணில் பிடிக்கும் பச்சைப் பூஞ்சணமும், மழைக்குப்பின் முளைக்கும் காளானும் பங்கசு இனத்தவையே. பங்கசுக்குப் பச்சையம் இல்லை. தன் உணவைத் தானே செய்ய அதனால் முடியாது. உக்கும் பொருளிலோ உயிருள்ள செடியிலோ அது உண்டு வாழும். விதைக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வித்திகளை உண்டாக்கும். நாம் காணும் தூள் என்பது ஆயிரக்கணக்கான வித்திகளின் குவியல்.

வித்தி பரவுவதற்கு நான்கு வழிகள் உண்டு: காற்று, தெறிக்கும் தண்ணீர், நோயுள்ள கன்றும் மண்ணும், நமது கையும் கத்தியும் உடுப்பும். பெரும்பாலான வித்திகள் முளைப்பதற்கு இலை சில மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் தண்ணீர் ஊற்றினால் இலை இரவு முழுக்க ஈரமாயிருக்கும். காலையில் ஊற்றினால் வெயிலில் காய்ந்துவிடும். இந்த ஒரு வித்தியாசமே பல நாற்றுமேடைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

4. நோயா, வேறு குறையா?

தோட்டத்தில் தவறணை என்று சொல்கிறோமே, அந்த நாற்றுமேடையில் மஞ்சளாகும் ஒவ்வோர் இலையும் பங்கசு நோயல்ல. மருந்துக்குக் காசு செலவழிக்கும் முன் பின்வரும் கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: எல்லாக் கன்றிலும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி வந்ததா? அப்படியானால் பெரும்பாலும் வெயில், காற்று, உரம் அல்லது தண்ணீர்க் குறைதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இலை நுனியும் ஓரமும் ஒரே சீராய்க் காய்ந்து போகும். பங்கசு நோய் சில கன்றுகளில் தொடங்கி, திட்டுத்திட்டாய்ப் பக்கத்துக்குப் பரவும்.

இரண்டாவது: மஞ்சள் எந்த இலையில்? அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் புள்ளியின்றிச் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நுனியிலுள்ள இளம் இலை மஞ்சளாகி நரம்பு மாத்திரம் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம்.

மூன்றாவது: புள்ளிக்கு எல்லை உண்டா? பங்கசுப் புள்ளிக்குப் பெரும்பாலும் ஒரு கரை இருக்கும். நடு வெளிறி, கரை கருத்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் காணப்படும். பூச்சி கடித்த இலையில் ஓட்டையும் கடித்த விளிம்பும் இருக்கும்.

நான்காவது: விரலால் தேய்த்தால் ஏதாவது ஒட்டுகிறதா? வெள்ளைத் தூளா, செம்மஞ்சள் தூளா, கரியா? இதற்கு விடை தெரிந்தால் பாதி நோயைக் கண்டுபிடித்தாயிற்று.

5. நம் நாற்றுமேடைகளில் காணும் நோய்கள்

(அ) நாற்றழுகல். இது இலைநோய் அல்ல. ஆனால் நாற்றுமேடையில் முதலில் வருவது இதுவே. முளைத்து இரண்டொரு வாரமான நாற்று, மண்ணோடு சேரும் இடத்தில் நீர்கோத்து மெலிந்து சாய்ந்துவிடும். இலை அப்போதும் பச்சையாகவே இருக்கலாம். மேடையில் வட்டமாக ஒரு திட்டு வெறுமையாகும். நெருக்கமாக விதைப்பதும், தண்ணீர் தேங்குவதும், பழைய மண்ணையே மறுபடி பாவிப்பதும் இதற்குக் காரணங்கள்.

(ஆ) இலைக் கருகல். யூக்கலிப்டஸ் நாற்றுமேடையில் மழைக்காலத்தில் மிகக் கொடியது இதுதான். இதை உண்டாக்கும் பங்கசின் பெயர் சிலிண்ட்ரோகிளாடியம். இலை நுனியிலும் ஓரத்திலும் வெந்நீர் பட்டதுபோல் சாம்பல் நிறப் புள்ளி தோன்றி, விரைவில் விரிந்து கபிலமாகும். இளந்தண்டும் கருகும், இலை கொட்டும். ஈரமான காலையில் அடிப்பக்கத்தைப் பார்த்தால் மினுங்கும் வெள்ளைத் தூள் தெரியும். அந்தத் தாய் எனக்குக் காட்டியது இதைத்தான். கேரளத்தின் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் அம்மாநில நாற்றுமேடைகளை ஆராய்ந்தபோது, யூக்கலிப்டஸ் கன்றுகளின் முக்கிய எதிரிகளில் ஒன்றாக இந்தப் பங்கசு இனத்தைக் கண்டது. நெருக்கம், அதிக நிழல், அதிக தண்ணீர் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் இது வேகமாகப் பரவும்.

(இ) துரு நோய். மொனராகலைப் பக்கம் தேக்கு வளர்ப்பவர்கள் இதை அறிவார்கள். தேக்கிலையின் அடியில் மஞ்சளும் செம்மஞ்சளுமான தூள் பரவி, மேற்பக்கம் மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். இலை வேளைக்கே உதிர்ந்துவிடும். இலையை விரலால் தடவினால் மஞ்சள் ஒட்டும். வீட்டுத்தோட்டத்துக் கோப்பிக் கன்றிலும் துரு வரும். மடுல்சீமையில் கண்ட அதே நோய்தான். இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

(ஈ) சாம்பல் நோய். இலையின் மேல் மாவு தூவியதுபோல் இருக்கும். துடைத்தால் கையில் ஒட்டும். இளம் இலை சுருண்டு வளைந்துவிடும். அக்கேசியாக் கன்றுகளில், முக்கியமாக நிழல் கூடிய நாற்றுமேடையில் வருகிறது. இறப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் காலத்தில் இதே குடும்பத்து நோய் ஊவாவில் தளிரைக் கொட்டச் செய்வதைப் பலர் கண்டிருப்பீர்கள். மற்ற நோய்களைப் போல் இதற்கு இலை நனைந்திருக்கத் தேவையில்லை. பகலில் வறட்சியும் இரவில் குளிர்ப்பனியும் உள்ள காலத்திலும் வரும்.

(உ) இலைப்புள்ளியும் நுனி கருகலும். பலா, மா, வெண்ணெய்ப்பழம் முதலிய பழமரக் கன்றுகளில் கபில அல்லது கரும் புள்ளிகள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். மாங்கன்றின் இளந்தளிரில் கரும்புள்ளி விழுந்து, நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்தால் அது பெரும்பாலும் அந்திரக்னோசு என்னும் நோய். முதிர்ந்த இலையில் ஒன்றிரண்டு புள்ளி இருந்தால் கன்று தாங்கும். தளிரில் வந்தால்தான் ஆபத்து.

ஏமாற்றும் இரண்டு அடையாளங்களையும் சொல்ல வேண்டும். இலைமேல் புகைக்கரி படிந்தாற்போல் கறுப்பாகி, ஈரத்துணியால் துடைத்தால் போய்விட்டால், அது கரும்பூஞ்சணம். அது இலைக்குள் நுழைவதில்லை. செதில் பூச்சியும் அசுகுணியும் கழிக்கும் இனிப்புநீரில் வளர்வது. எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். சவர்க்காரத் தண்ணீரால் பூச்சியைக் கழுவினால் கரியும் நின்றுவிடும். அடுத்தது, இலையின் மேற்பக்கத்தில் வெல்வெட் துணி போன்ற செம்மஞ்சள் வட்டங்கள். இது பங்கசல்ல, ஒருவகைப் பாசி. துரு நோயின் தூள் அடிப்பக்கத்தில் இருக்கும், விரலில் ஒட்டும். இந்தப் பாசி மேற்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வடிகால் குறைந்த, சத்துக் குறைந்த இடத்தில் இதைக் காணலாம்.

6. பொலித்தீன் பைச் சோதனை

சந்தேகமான இலையைச் சோதிக்க நுணுக்குக்காட்டி இல்லாவிட்டாலும் ஒரு வழியுண்டு. புள்ளியுள்ள இலைகள் நாலைந்தைப் பறித்து, ஈரமாக்கிப் பிழிந்த கடதாசியோடு ஒரு தெளிந்த பொலித்தீன் பையில் போட்டுக் கட்டுங்கள். வெயில் படாத இடத்தில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். பக்கத்தில் இன்னொரு பையில் நல்ல இலைகளையும் அதேபோல் வையுங்கள். நோயிலையின் புள்ளிமேல் வெள்ளைப் பஞ்சோ தூளோ கருமணிகளோ எழும்பி, நல்ல இலை சுத்தமாக இருந்தால், பங்கசு என்று பெரும்பாலும் நம்பலாம். இரண்டிலும் ஒன்றும் எழாவிட்டால் வெயில், உரம், தண்ணீர் பற்றி யோசியுங்கள். சோதித்த பிறகு பையைத் திறக்காமல் எரித்துவிடாதீர்கள். பொலித்தீன் புகை கேடானது. இலையை மண்ணில் ஆழப் புதைத்துப் பையைக் கழுவுங்கள்.

நோய் இன்னதென்று நிச்சயமாக அறிய வேண்டுமானால், புதிதாகப் பறித்த இலைகளைக் கடதாசியில் சுற்றி, விவசாயப் போதனாசிரியரிடமோ வனத் திணைக்கள உத்தியோகத்தரிடமோ கொண்டுபோங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம்.

7. மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை

2021ஆம் ஆண்டு இரசாயன உரத்தையும் மருந்தையும் இறக்குமதி செய்வது சில மாதங்கள் தடைசெய்யப்பட்டதும், அடுத்த வருடம் நாட்டின் பொருளாதாரம் விழுந்து விலையெல்லாம் ஏறியதும் நமக்குத் தெரியும். மருந்தை மட்டும் நம்பியவர்கள் அப்போது கைகட்டி நின்றார்கள். கீழே உள்ளவற்றுக்குக் காசு அதிகம் தேவையில்லை.

• மேடையை நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி, அடியில் கல்லோ மணலோ இட்டு, தண்ணீர் வடிய விடுங்கள்.

• விதைக்குமுன் மண்ணை நனைத்து, தெளிந்த பொலித்தீனால் மூடி, ஓரங்களை மண்ணால் இறுக்கி, நல்ல வெயில் காலத்தில் நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். வெயிலின் சூடு மண்ணிலுள்ள பங்கசின் பெரும்பகுதியைக் கொல்லும்.

• காலையில் தண்ணீர் ஊற்றுங்கள். இலையில் அல்ல, அடியில். மழை நாளில் ஊற்ற வேண்டாம்.

• கன்றுகளின் இலைகள் ஒன்றையொன்று தொடத் தொடங்கியதும் பைகளை அகட்டி வையுங்கள். காற்று நடுவே போக வேண்டும்.

• நிழலைப் படிப்படியாகக் குறையுங்கள். கொப்புள நோயைத் தடுக்க மழைக்குமுன் தேயிலை மலையில் நிழல்மரக் கிளையை வெட்டினோம் அல்லவா? அதே காரணம்தான் இங்கும்.

• நோயிலையைக் கண்டதும் பறித்துப் பைக்குள் போடுங்கள். மேடைக்கு அடியில் உதிர விடாதீர்கள். முழங்கால் ஆழத்தில் புதையுங்கள் அல்லது எரியுங்கள். தண்டு கருகிய கன்றைப் பையோடு அகற்றுங்கள். அந்த மண்ணை மறுபடி பாவிக்க வேண்டாம்.

• முதலில் நல்ல கன்றுகளில் வேலை செய்யுங்கள். நோய்க் கன்றைக் கடைசியில் தொடுங்கள். பிறகு கையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

• ஒரே இனத்தை மாத்திரம் வளர்க்க வேண்டாம். சபுக்கு என்று சொல்லும் கிரவிலியா, பலா, மலைவேம்பு, கிளிரிசிடியா என்று கலந்து வையுங்கள். 1980களில் இலங்கையில் ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்ற ஒரே இறப்பர் இனத்தைப் பரவலாக நட்டவர்கள், கொரினெஸ்போரா என்ற இலைநோய் வந்தபோது அத்தனை மரத்தையும் கைவிட நேர்ந்தது. கோப்பி தந்த பாடத்தை நூறு வருடத்துக்குப் பின்னும் நாம் மறந்திருந்தோம்.

8. மருந்து தேவைப்பட்டால்

மேற்சொன்னவற்றைச் செய்தும் நோய் பரவினால், கருகலுக்கும் புள்ளிக்கும் போடோக் கலவை பயன்படும். இது வரவிருக்கும் நோயைத் தடுக்கும்; வந்துவிட்ட புள்ளியை ஆற்றாது. இளங்கன்றுக்கு அரைப்பங்குப் பலம் போதும்.

10 லீற்றருக்கு 50 கிராம் மயில்துத்தம், 50 கிராம் புதிய சுட்ட சுண்ணாம்பு. மயில்துத்தத்தைப் பிளாஸ்டிக் வாளியில் 5 லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. சுண்ணாம்பை வேறு வாளியில் சிறிது தண்ணீர் விட்டு நீற்றி, பின் 5 லீற்றராக்கி வடியுங்கள். சுண்ணாம்பு கொதிக்கும், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். மினுங்கும் இரும்பு ஆணியை ஒரு நிமிடம் கலவையில் வைத்து எடுங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்க்க வேண்டும். அன்றே பாவித்து முடியுங்கள்.

முதலில் பத்துக் கன்றில் அடித்து, இரண்டு மூன்று நாள் பார்த்து, இலை சுடாவிட்டால் மற்றவற்றுக்கு அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். கையுறையும் முகமூடியும் அவசியம். பிள்ளைகளுக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில் வேலை செய்யுங்கள். குடிநீர்ப் போத்தலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். சாம்பல் நோய்க்கு இக்கலவையைவிடக் கந்தகத் தூளே பொருத்தம். கடும் வெயிலில் அதை அடிக்க வேண்டாம். கடையில் வேறு மருந்து தந்தால், எந்த நோய்க்கு, எவ்வளவு என்று சிட்டையை வாசிக்காமல் வாங்காதீர்கள்.

9. ஏழு நாளும் இன்னோர் ஏழு நாளும்

இந்தப் பாடத்தை ஆயத்தம் செய்தபோது லேவியர் நூலின் 13ஆம், 14ஆம் அதிகாரங்களைத் திரும்பவும் வாசித்தேன். குருமடத்தில் இருந்த காலத்தில் நாங்கள் அவசரமாகப் புரட்டிவிடும் பக்கங்கள் அவை. தோலில் ஒரு தழும்பு கண்டால் குரு வந்து பார்க்க வேண்டும். தெளிவில்லாவிட்டால் உடனே தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஏழு நாள் ஒதுக்கி வைத்து மறுபடி பார்க்க வேண்டும். பரவாவிட்டால் இன்னோர் ஏழு நாள் பொறுத்து மூன்றாம் முறை பார்க்க வேண்டும். வீட்டுச் சுவரில் பூஞ்சணம் பிடித்தாலும் ஏறக்குறைய இதே முறைதான். அன்று லொறியருகே நின்ற இந்தக் குரு பார்க்கவே இல்லை.

வெளியிலிருந்து எந்தக் கன்று வந்தாலும் இந்த முறையைக் கைக்கொள்ளுங்கள். மற்றக் கன்றுகளிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, காற்று வீசும் திசைக்குக் கீழாக வையுங்கள். முதல் நாள் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஏழாம் நாள் பாருங்கள். பதினான்காம் நாள் பாருங்கள். புள்ளி பரவாத கன்றை மாத்திரம் சேருங்கள். கோப்பிக் கன்றுக்கு இரு வாரம் போதாது. துரு வெளித்தெரிய ஒரு மாதத்துக்கு மேலும் எடுக்கலாம்.

“ஒதுக்கி வையுங்கள்” என்று நான் எழுதும்போது, அந்தச் சொல் உங்களுக்கு எவ்வளவு கசக்கும் என்பது எனக்குத் தெரியும். முகாமில் இருந்தவர்கள், ஊருக்குப் புறம்பாக வைக்கப்பட்டவர்கள் நீங்கள். ஆனால் கன்று வேறு, மனிதர் வேறு. பழைய சட்டம் ஒதுக்கி வைத்த தொழுநோயாளரை இயேசு கை நீட்டித் தொட்டார். கன்றை ஒதுக்குவது அடுத்த வீட்டுக் காணியைக் காப்பதற்காக. மனிதரை ஒதுக்குவதற்கு நற்செய்தியில் இடமில்லை.

அந்த இருபது குடும்பங்களும் அடுத்த வருடம் தாங்களே நாற்றுமேடை போட்டார்கள். கன்றுகளைப் பார்வையிடும் பொறுப்பை அந்தத் தாயிடமே கொடுத்தோம். வாரத்துக்கு ஒரு தடவை, வெயில் ஏறுமுன், அவர் வரிசை வரிசையாகப் போய் இலையைத் திருப்பிப் பார்ப்பார். சந்தேகமான கன்றுக்கு ஒரு சிவப்புத் துணி கட்டுவார். அவர் துணியை அவிழ்க்கும் வரைக்கும் அந்தக் கன்றை யாரும் தொடுவதில்லை, நானும் தொடுவதில்லை.

கூடிப் பேசுவதற்கு

1. நமது நாற்றுமேடையில் இலையை நன்கு அறிந்தவர் யார்? அவர் சொல்வதைக் கேட்கிறோமா?

2. இந்த வாரம் ஒவ்வொருவரும் பத்து இலைகளைக் கொண்டுவாருங்கள். நான்கு கேள்விகளையும் கேட்டு, பங்கசு, பூச்சி, சத்துக்குறை, வெயில் என்று நான்கு குவியலாகப் பிரியுங்கள். எந்த இலையில் கருத்து வேறுபாடு வந்தது? அதைப் பைச் சோதனைக்கு வையுங்கள்.

3. இலவசமாகக் கன்று தர ஒரு நிறுவனம் வந்தால், அன்றே பகிராமல் பதினான்கு நாள் வைத்துப் பார்ப்போம் என்று நம் சங்கம் சொல்லத் துணியுமா? கன்றுகளை எங்கே வைப்பது, யார் பார்ப்பது என்று இன்றே முடிவு செய்யுங்கள்.